பூட்ஸுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?



மலர்க்குழுவிலிருந்து "ஏதாவது தொழில்நுட்பக் கட்டுரை எழுதிக் கொடு" என்று கேட்டபோது, முதலில் நீராவி டர்பைன் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதே புத்தகம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிய ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஆம்பூர்ப் பக்கம். அம்மா ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக அப்பர் தைக்கிறார். அப்பர் என்றால் ஷூவில் சோலுக்கு மேலே இருக்கும் தோல் பாகம் முழுவதும். அப்பா தோல் மண்டியில் லோடு ஏற்றி இறக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "அவன்தான் படிக்கிறானே, அவனைக் கேளு" என்று என் தலையில் வந்து விழும். கரண்ட் பில்லில் இருந்து ரேஷன் கார்டு வரை!

போன வருஷம் ஒருநாள் ராத்திரி அம்மா கேட்டார்.

"ஏன்டா, இப்ப ஒரு பூட்ஸ் தைக்கிறோம். கணுக்காலுக்கு மேல ஒரு ஜாண் ஒசரம். உள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சி, அதுக்கு மேல துணி வெச்சி… இத யாருடா போட்டுக்கினு எங்க போறாங்க?"

"பனி கொட்டுற ஊர்ல வேட்டைக்குப் போறவங்க போடுறதும்மா. கால் நனையாம, சூடா இருக்கணும்ல."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேட்டைக்குப் போறவன் நடப்பானே, வேர்க்காதா? வேர்த்தா உள்ள நனையாதா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. "அதெல்லாம் பார்த்துதாம்மா செஞ்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். படிக்கிறவன் சொல்லக்கூடிய பதில்தானா அது? அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிர் எப்படிக் காலைப் பிடிக்கிறது?

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் மான் வேட்டைக்கு அரசாங்கமே பருவம் குறித்து லைசென்ஸ் கொடுக்கிறது. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த ஆசையே வேண்டாம்!) அந்தப் பருவம் பெரும்பாலும் குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் வரும். விடியும் முன்பே எழுந்து, சதுப்பு நிலத்திலும் ஈரப் புல்லிலும் பனியிலும் நடந்து போவார்கள். பிறகு ஒரு பரண் மேல் ஏறி, மான் வரும்வரை மூன்று மணி, நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடக்கும்போது வேர்க்கும், உட்காரும்போது விறைக்கும். இந்த இரண்டையும் ஒரே பூட்ஸ் சமாளிக்க வேண்டும் என்பதுதான் சிக்கலே.

உடம்பு குளிர ஆரம்பித்ததும் அது முதலில் காப்பாற்றப் பார்ப்பது நெஞ்சையும் வயிற்றையும் மூளையையும்தான். கை, கால் பக்கம் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பாதத்துக்கு வரும் சூடான ரத்தம் குறைந்துவிடும். அதனால்தான் எத்தனை நல்ல பூட்ஸ் போட்டாலும் மேல் உடம்பு குளிர்ந்தால் கால் குளிரும். கால் குளிருகிறது என்றால் முதலில் தலைக்குக் குல்லா போடு, மார்பை மூடு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நம் தெர்மல் பாடம். வெப்பக் கடத்தல் எண் காற்றுக்குச் சுமார் 0.025, தண்ணீருக்குச் சுமார் 0.6. வகுத்துப் பாருங்கள், 24 மடங்கு! பூட்ஸுக்குள் இருக்கும் பஞ்சோ கம்பளியோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்றுதான் காலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், வெப்பம் வெளியே ஓட நாமே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போதாததற்கு அந்த ஈரம் ஆவியாகும்போதும் வெப்பத்தைப் பிடுங்கும். தோலின் சூட்டில் 1 கிராம் வேர்வை ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும். அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை 1 டிகிரி குளிர வைத்தால் எவ்வளவு வெப்பம் போகுமோ அவ்வளவு!

ஆகவே காலைச் சூடாக வைப்பது என்பது முக்கால்வாசி காலை உலர்ந்ததாக வைப்பதுதான்.

இது சும்மா சொகுசு விஷயமும் இல்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் வீரர்கள் பதுங்கு குழிகளில் முழங்கால் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றார்கள். நம் இந்தியச் சிப்பாய்களும் 1914-15 குளிர்காலத்தில் அங்கே இருந்தார்கள். தண்ணீர் உறையக்கூட இல்லை. ஆனாலும் கால் மரத்து, வீங்கி, கறுத்து, சிலருக்கு வெட்டியே எடுக்கும்படி ஆனது. பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 75,000 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் மிகச் சாதாரணமானது. தினமும் பூட்ஸைக் கழற்று, காலைத் துடை, எண்ணெய் தேய், உலர்ந்த சாக்ஸ் மாற்று. ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆணையே போட்டார்கள்.

வெளியிலிருந்து வரும் ஈரம்

தோல் என்பது நுண்ணிய இழைகள் பின்னிய பொருள். கொழுப்பு, மெழுகு, சிலிக்கோன் போன்றவற்றை ஏற்றினால் தண்ணீரை நெடுநேரம் தள்ளி நிறுத்தும். ஆனால் நல்ல தோலாக இருந்தாலும் பூட்ஸ் ஒழுகும். எங்கே ஒழுகும் தெரியுமா? மூன்று இடங்களில்.

முதலாவது, மேல் வாய். பூட்ஸை விட ஆழமான தண்ணீரில் இறங்கினால் எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. இரண்டாவது, லேஸ் கட்டும் இடத்தில் உள்ள நாக்கு. சாதாரண ஷூவில் நாக்கின் இரு பக்கமும் திறந்திருக்கும். வேட்டை பூட்ஸில் நாக்கின் இரு ஓரத்தையும் மடிப்பு வைத்து அப்பரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், ஹார்மோனியத் துருத்தி மாதிரி. அந்த மடிப்பு எதற்கென்று அம்மாவுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. "வேலைய இழுக்குறதுக்குன்னே வெச்சிருக்கான்" என்று திட்டிக்கொண்டே தைத்தாராம்.

மூன்றாவதுதான் முக்கியம். தையல்!

ஒரு பூட்ஸில் தையல் நீளம் சுமார் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செ.மீ.க்கு 3 தையல் என்றால் 300 துளைகள். இரட்டைத் தையல் போட்டால் 600. தண்ணீர் புகாத தோலை எடுத்து, அதில் நாமே 600 ஓட்டை போடுகிறோம்! அதற்குப் பிறகு அந்த ஓட்டைகளை அடைக்க நூலில் மெழுகு, உள்பக்கம் டேப், ரப்பர் பால் என்று என்னென்னவோ செய்கிறோம்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்றொருவர் இருந்தார். வேட்டைக்குப் போய்விட்டு ஈரக்காலோடு திரும்பித் திரும்பி அலுத்துப்போனவர். ரப்பர் பூட்ஸ் நனையாது, ஆனால் கனம். தோல் பூட்ஸ் லேசு, ஆனால் நனையும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்து, கீழே ரப்பர், மேலே தோல் என்று வைத்துத் தைக்கச் செய்தார். 1912-ல் வேட்டை லைசென்ஸ் வாங்கியவர்களின் விலாசங்களைப் பிடித்து, "பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று தபாலில் விளம்பரம் அனுப்பி விற்றார். முதல் 100 ஜோடியில் 90 ஜோடி திரும்பி வந்துவிட்டது! தோலையும் ரப்பரையும் சேர்த்த இடம் பிய்ந்துகொண்டதுதான் காரணம். மனுஷன் சொன்னபடி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கி, ரப்பர் பாகத்தை மேம்படுத்தி, மறுபடி செய்து விற்றார். அதே வகை பூட்ஸ் இன்றைக்கும் விற்கிறது. பொருள் நன்றாக இருந்தும் தையலில் வழுக்கியவர் அவர்.

இதையே வேறு மாதிரி சமாளித்தவர்கள் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள். சீல் தோலில் பூட்ஸ் செய்வார்கள். தைப்பவர்கள் பெண்கள். அவர்களுடைய தையலில் ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வராது. தோலின் பாதிக் கனத்தில் நுழைந்து, அந்தப் பக்கமே வெளியே வந்துவிடும். ஆக வெளியிலிருந்து உள்ளே போக ஓட்டையே கிடையாது! நூலாக விலங்கின் தசைநாரைப் பயன்படுத்துவார்கள். நனைந்தால் நார் உப்பும், உப்பினால் துளை தானாக அடைபடும். எந்த பாலிடெக்னிக்கிலும் படிக்காமல் கண்டுபிடித்தது இது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவங்க கையாலதான தைக்கிறாங்க? மிஷின்ல பாதித் தோலு மட்டும் குத்த முடியாதே" என்று உடனே சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை.

உள்ளிருந்து வரும் ஈரம்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வேர்த்தால் உள்ளே நனையாதா? நனையும். மனித உடம்பில் வேர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. வெளித் தண்ணீரை அடைக்க அடைக்க, உள் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் போகிறது.

இதற்குச் சாட்சி கொரியப் போர். 1950 நவம்பர், டிசம்பரில் வட கொரிய மலைகளில் அமெரிக்க வீரர்களுக்கு, கீழே ரப்பரும் மேலே தோலும் வைத்த பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். பீன் செய்ததைப் போன்ற வகைதான். வெளித் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் மலை ஏறும்போது கால் வேர்த்தது, ரப்பர் அதை வெளியே விடவில்லை. நடை நின்று காவல் நிற்கும்போது அந்த வேர்வையே குளிர்ந்து உறைந்தது. ஏராளமானவர்களுக்குக் கால் உறைநோய் வந்தது. அம்மா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டது இதைத்தானே!

1969-ல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், டெஃப்லான் என்று நாம் சொல்லும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக நீண்டது. அந்தத் துளை நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறிது. நீராவி மூலக்கூறு போய்வரும் அளவுக்குப் பெரிது. அதுதான் கோர்டெக்ஸ். அதைச் சாக்ஸ் மாதிரி தைத்து, தையல் மேல் டேப் ஒட்டி, பூட்ஸுக்குள் வைத்தால் வெளித் தண்ணீர் வராது, வேர்வை ஆவியாக வெளியே போகும்.

ஆனால் இதிலும் ஒரு விஷயம். ஆவி தானாக வெளியே ஓடாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்தப் பக்கம் தள்ளப்படும். மேல் தோல் தண்ணீர் குடித்து ஊறிவிட்டால் ஆவி போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். அதனால் படலம் வைத்த பூட்ஸுக்கும் மேல் தோலில் மெழுகோ தண்ணீர் தள்ளும் மருந்தோ போட்டுப் பராமரிக்க வேண்டும்.

பிறகு சாக்ஸ். பருத்தி நமக்கு நல்லது, குளிருக்கு ஆகாது. நனைந்ததும் காலோடு ஒட்டிக்கொண்டு காற்று நிற்க இடம் இல்லாமல் செய்துவிடும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதும் இழை சுருண்டே நிற்பதால் காற்றுக்கு இடம் இருக்கும். விவரமான வேட்டைக்காரர் மெல்லிய சாக்ஸ் போட்டு மெதுவாக நடந்து போவார். பரணுக்குப் போனதும் காலைத் துடைத்து, பையில் இருக்கும் உலர்ந்த கம்பளி சாக்ஸுக்கு மாறுவார். விலை அதிகமான பூட்ஸை விட இந்த ஒரு பழக்கம் அதிகம் உதவும்.

ஐரோப்பாவின் வட கோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் சாக்ஸே இல்லாமல் இருந்தார்கள். கோடையில் ஒரு வகைக் கோரையை அறுத்து, அடித்து மெதுவாக்கி, காய வைத்து, கலைமான் தோல் பூட்ஸுக்குள் அடைத்துக்கொள்வார்கள். புல் வேர்வையைக் குடிக்கும், காற்றையும் பிடித்து வைக்கும். ராத்திரி எடுத்துக் காய வைத்தால் காலையில் மறுபடி தயார். அது நாம் பாய் முடையும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடிதான்!

இறுக்கமும் அடித்தளமும்

இரண்டு தவறுகளைப் பலரும் செய்கிறார்கள். குளிருகிறதே என்று மூன்று சாக்ஸ் போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணிப்பது ஒன்று. திணித்தால் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் நசுங்கும். விரலை ஆட்ட முடியாத பூட்ஸில் கால் சூடாக இருக்கவே இருக்காது. உட்காரும்போது லேஸைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இன்னொன்று அடிப்பக்கத்தை மறப்பது. நம் எடையால் உள்ளங்காலுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடுவதால், தரை வழியாகவே பெரும் வெப்பம் போகிறது. அதனால் நசுங்காத கம்பளி நமதா உள்ளே போட வேண்டும். நமதா என்றால் கம்பளியை அழுத்திச் செய்த தடித்த விரிப்பு. பரணில் காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டையோ தடித்த ரப்பர் விரிப்பையோ போட்டுக்கொண்டாலும் நல்லது.

பூட்ஸுக்குள் "400 கிராம்" என்று ஒரு லேபிள் தைப்பார்கள். அது பூட்ஸின் எடை என்று நான் அம்மாவிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். அப்புறம் படித்தால், அது உள்ளே வைக்கும் பஞ்சுத் தகட்டின் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம். நடப்பவருக்கு 200, 400 போதும். அசையாமல் உட்காருபவருக்கு 800, 1000 தேவைப்படும். கூடுதலாக வைத்துக்கொண்டு நடந்தால் வேர்த்து, பழைய கதைதான்.

காய வைக்கும் முறை

நனைந்த பூட்ஸை நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதைப் போலக் கெடுதல் வேறு இல்லை. ஈரத் தோல் சூட்டில் சுருங்கும். ஆவாரம்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோல் சுமார் 80 டிகிரியிலேயே சுருங்க ஆரம்பிக்கும். குரோம் பதனிட்டது ஏறக்குறைய 100 டிகிரி வரை தாங்கும். ஆனால் சுருங்கும் முன்பே உள்ளிருக்கும் எண்ணெய்ப் பசை போய், தோல் விறைத்து வெடிக்கும். சோல் கதையும் அதேதான். கம்பெனியில் சோல் ஒட்டும் பசையைச் சூடு காட்டித்தான் ஒட்ட வைக்கிறார்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் அதே பசை மறுபடி இளகும்.

சரியான முறை சுலபமானது. லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையை எடுத்துத் தனியாகக் காய வையுங்கள். பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே அடையுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஈரம் குடித்துவிடும், மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு நிழலில், காற்றோட்டத்தில் படுக்க வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு மெழுகோ ஷூ கிரீஸோ தடவலாம். நம் ஒர்க்ஷாப் ஷூ மழையில் நனைந்தால் இதையே செய்யுங்கள். ஹாஸ்டலில் பேப்பருக்கா பஞ்சம்?

நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். என் சித்தப்பா தோல் பதனிடும் ஆலையில் ஈரத்திலேயே நின்று வேலை செய்கிறார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சாயங்காலம் கழற்றும்போது காலைப் பார்த்தால் ஊறி வெளுத்து, விரல் இடுக்கில் பிளந்திருக்கும். நடவு நடுகிறவர்களுக்கு வரும் சேற்றுப்புண் மாதிரி. "தண்ணி உள்ள போகலியேடா, அப்புறம் ஏன்?" என்று அவர் கேட்டபோது, இந்த முறை என்னால் பதில் சொல்ல முடிந்தது. மத்தியானம் சாப்பிடும்போது பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து, வேறு சாக்ஸ் மாற்றச் சொன்னேன். இப்போது இரண்டு ஜோடி எடுத்துப் போகிறார். புண் குறைந்திருக்கிறது.

அம்மாவின் ஊசி

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

அம்மா கேள்வி கேட்ட அதே சமயத்தில், அந்த வேட்டை பூட்ஸில் ஒரு லாட் சோதனையில் தேறவில்லை. படலம் வைக்காத மாடல் அது. தண்ணீர்த் தட்டில் வைத்து, நடப்பது போல வளைத்து வளைத்துப் பார்த்ததில் தையல் வழியாக ஈரம் உள்ளே வந்துவிட்டதாம். சூப்பர்வைசர் லைனில் வந்து நின்று, "தையல் சரியில்லை, கவனமில்லாமல் தைக்கிறீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த லைனில் இருந்த பெண்களுக்கெல்லாம் அந்த மாத இன்சென்டிவ் பிடிக்கப்பட்டது. என் செமஸ்டர் ஃபீஸுக்கு என்று அம்மா நம்பியிருந்த பணம் அது. மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினோம்.

அன்று ராத்திரி அம்மா சொன்னது ஒன்றுதான். "நூலு அறுந்துக்கினே இருக்குதுன்னு மெக்கானிக்கு ஊசிய மாத்திட்டாரு. 90-ல தச்சிக்கினு இருந்தோம், 110 போட்டுட்டாரு. ஓட்டை பெருசாத் தெரியுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். யாரு கேக்குறாங்க?" அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்பர் தெரியும். எனக்குப் பாதி தூக்கம். "ஊசி மாத்தினா என்னம்மா ஆகும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஏதாவது அளந்து பழகச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. பஜாரில் தையல் மிஷின் சாமான் கடையில் 90 ஒன்று, 110 ஒன்று வாங்கி வந்து, காதுக்கு மேலே தண்டில் அளந்தேன். 0.90 மி.மீ., 1.10 மி.மீ. அந்த நம்பரே மில்லிமீட்டரில் நூறில் பங்குதான்! துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.81-க்கு 1.21. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நூலோ அதே நூல்தான். ஆக, கூடின பரப்பு முழுவதும் தண்ணீர் போகும் வழி. 600 துளைக்கும் இப்படி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அது ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தோலையும் பார்க்க வேண்டும், மெழுகையும் பார்க்க வேண்டும். ஆனால் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. தைத்தவரைத் திட்டியதோடு சரி. அளந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு ஊசியையும் அம்மா கையில் வைத்து, கணக்கைச் சிலேட்டில் போட்டுக் காட்டினேன். 0.81, 1.21, ஒன்றரை மடங்கு என்று பெரிதாக விளக்கினேன். அம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதத்தானடா நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

ஆமாம், சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஏதாவது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகவோ, தர ஆய்வாளராகவோ போய் நிற்கப் போகிறோம். நம் முன்னே மிஷினில் யாரோ ஒருவரின் அம்மா உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒழுகினால் முதலில் அவரைக் கேட்போம். பிறகு மைக்ரோமீட்டரை எடுப்போம். திட்டுவதற்கு அதற்கப்புறமும் நேரம் இருக்கும்.



— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை